ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கல்லீரலில் கட்டி’ என்று வந்தால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

சித்தி பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட். வாயுத் தொல்லை என்று போனவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கல்லீரலின் வலது மடலில் 2.8 செ.மீ. அளவில் ‘எஸ்.ஓ.எல்.’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “ஏன்டி, இது அதுதானா?”

‘அது’ என்ற சொல்லுக்கு மேல் அவர் வாயில் வரவில்லை. பஸ்ஸில் வந்த நேரத்துக்குள் பேத்தியின் காதுகுத்தை முன்னால் நடத்திவிட வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை வார்டில் 19 ஆண்டு செவிலியராக வேலை பார்த்தவள் நான். இப்படி மஞ்சப்பையோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நம் மொழியில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்தான் எல்லாவற்றுக்கும். சீழ் கட்டியதும் கட்டி, நீர் கோத்த பையும் கட்டி, ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதும் கட்டி, புற்றுநோயும் கட்டி. அதனால் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனம் நேராகக் கடைசிக்கு ஓடிவிடுகிறது. நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது: அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் கிடைக்கும்வரை ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். பெயரைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவும். டாக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் படி: ரிப்போர்ட்டை முழுதாக வாசியுங்கள்

எஸ்.ஓ.எல். என்றால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். அது நோயின் பெயர் கிடையாது. ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

எல்லோரும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். நான் பார்ப்பது அதற்கு முந்தைய வரியை. மற்ற கல்லீரல் எப்படி இருக்கிறது? கொழுப்பு படிந்திருக்கிறதா, மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, வயிற்றில் நீர் இருக்கிறதா? ஆரோக்கியமான கல்லீரலில் தற்செயலாகத் தென்படும் சின்னக் கட்டி பெரும்பாலும் சாதுவானதாகவே இருக்கும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரலில், அதாவது சிரோசிஸ் வந்த கல்லீரலில், புதிதாக ஒரு கட்டி தெரிந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஒரே 2.8 செ.மீ. கட்டிதான். இருக்கும் கல்லீரலைப் பொறுத்து பொருள் தலைகீழாகிறது.

அடுத்து, அது திடமானதா, நீர் நிறைந்த பையா என்று பாருங்கள். மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் உள்ள சாதாரண நீர்ப்பை என்றால், தொல்லை தராதவரை அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. பைக்குள் தடுப்புச் சுவர்கள் இருந்தால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது: டாக்டர் கேட்கப் போவதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் எல்லாம் நினைவுக்கு வராது. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: மஞ்சள் காமாலை பி அல்லது சி எப்போதாவது இருந்ததா, மது எவ்வளவு, எத்தனை ஆண்டு, முன்பு உடம்பில் எங்காவது புற்றுநோய் வந்ததா, சர்க்கரை, உடல் எடை, காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை உண்டா.

பெண்கள் கருத்தடை மாத்திரையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று நிறையப் பேர் விழுங்கிவிடுகிறார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாம், தவறே இல்லை. இளைஞர்கள் ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு வரும் ஒருவகைக் கட்டிக்கு அந்த ஸ்டீராய்டு முக்கியமான காரணம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை போடுகிறோமே, அந்த ஆடுகளோடும் கிடை நாய்களோடும் பழக்கம் உண்டா? நாயின் குடலில் வாழும் ஒரு சிறு நாடாப்புழுவின் முட்டை, கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ உள்ளே போனால், கல்லீரலில் மெல்ல மெல்ல ஒரு நீர்ப்பை வளரும். ஹைடாட்டிட் என்பார்கள். ஆட்டு வயிற்றுக்குள்ளும் இதே பைதான் இருக்கும். அந்த உறுப்பை நாய்க்குப் போட்டால் சுழற்சி மறுபடி தொடங்கிவிடும். இந்தப் பையை யோசிக்காமல் ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் நீர் கசிந்து, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். ஆகவே கிடை, நாய், ஆடு என்ற மூன்று சொல்லையும் தாளில் எழுதத் தயங்காதீர்கள்.

மூன்றாவது: ரத்தப் பரிசோதனை

கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை, ரத்த அணுக்கள், ரத்தம் உறையும் நேரம், ஹெபடைட்டிஸ் பி, சி, கூடவே ஏ.எஃப்.பி. என்ற புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனை. இந்த ஏ.எஃப்.பி. சாதாரணமாக வந்தால் புற்றுநோய் இல்லவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களிலும் ஒரு பகுதியினருக்கு அது ஏறாமலே இருக்கும். பச்சைக் குழந்தைக்கோ அது இயல்பாகவே மிக அதிகமாக இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத் தாய் அலறக் கூடாது.

காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ் தொட முடியாத வலியும் சேர்ந்து இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது சீழ்க்கட்டி. வயலில் மருந்தடிக்கும் ஓர் இளைஞரை அவர் வீட்டார் புற்றுநோய் என்றே முடிவு செய்து அழுதபடி கூட்டிவந்தார்கள். அமீபா கிருமியால் வந்த சீழ் அது. மெட்ரோனிடசோல் மருந்தும் குழாய் வைத்துச் சீழை வெளியே எடுத்ததும் அவரை நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்பின. அதற்கு முன் பத்து நாள் யாரோ கொடுத்த பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டு இருந்தார்களே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த மூலிகையும் கல்லீரல் கட்டியைக் கரைக்காது. பெயர் தெரியாத பொடிகள் கல்லீரலைக் கெடுப்பதை வார்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான்காவது: மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்

முழு விஷயத்திலும் முக்கியமான படி இதுதான். சாதாரண வயிற்று ஸ்கேன் கட்டி இருப்பதைச் சொல்லும். பெயரைச் சொல்வது பெரும்பாலும் ட்ரைபேசிக் சி.டி. (மருந்து செலுத்தி மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. ஸ்கேன்) அல்லது காண்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. (மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.). சீட்டில் ‘ட்ரைபேசிக்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘சி.டி. அப்டமன்’ என்று எடுத்துவிட்டு, மறுபடியும் பணம் கட்டி இரண்டாம் தடவை எடுத்தவர்கள் உண்டு.

இது எப்படி வேலை செய்கிறது என்று நம்மூர் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். கல்லீரல் இரண்டு வாய்க்காலில் பாயும் வயல். குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை பெரிய வாய்க்கால். ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தம் அதில்தான் வருகிறது. தமனி சின்ன வாய்க்கால், கால் பங்கு. கையில் ஏற்றும் மருந்து முதலில் தமனி வழியாகச் சுமார் அரை நிமிடத்தில் வந்து சேரும். ஒரு நிமிடம் கடந்ததும் போர்ட்டல் சிரை வழியாக வரும். அதற்கும் சில நிமிடம் கழித்து மெல்ல வடியும். இந்த மூன்று கட்டத்திலும் படம் எடுத்தால் எந்தக் கட்டிக்கு எங்கிருந்து நீர் பாய்கிறது, எப்படி வடிகிறது என்பது தெரிந்துவிடும்.

ரத்தக்குழாய்க் கட்டியான ஹெமாஞ்சியோமாவில் மருந்து முதலில் ஓரங்களில் திட்டுத் திட்டாகத் தேங்கும். பிறகு வரப்போரத்திலிருந்து நடு வயலுக்கு நீர் ஏறுவதுபோல மெதுவாக உள்ளே நிரம்பும், நிரம்பியது அப்படியே நிற்கும். கல்லீரல் செல் புற்றுநோயில் வழக்கமாக நடப்பது நேரெதிர். மடை திறந்த உடனே முதலில் நிரம்பிவிடும், வரப்பு உடைந்த வயல்போல எல்லோருக்கும் முன்னால் வடிந்தும்விடும். எஃப்.என்.ஹெச். என்ற சாதுவான கட்டி தமனிக் கட்டத்தில் நடுவிலுள்ள ஒரு தழும்பைத் தவிர முழுக்க ஒளிர்ந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலின் நிறத்தோடு கலந்துவிடும். கல்லீரல் செல்லிலிருந்தே வளரும் அடினோமா என்ற கட்டியும் முதலில் ஒளிரும். அதனால்தான் அதையும் எஃப்.என்.ஹெச்.ஐயும் பிரிப்பது சில சமயம் சி.டி.யால் முடியாமல் எம்.ஆர்.ஐ. வரை போகிறது. கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் தனி எம்.ஆர்.ஐ. மருந்து ஒன்று உண்டு. எஃப்.என்.ஹெச். அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடினோமா பெரும்பாலும் உறிஞ்சாது.

எடுக்கப் போகும்முன் சிறுநீரகச் சோதனையான கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், முன்பு ஸ்கேன் ஊசிக்கு உடம்பு தடித்தவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. என்றால் பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த உலோகம் பற்றிச் சொல்லுங்கள். சி.டி. ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோலத் தோன்றும். பயப்பட வேண்டாம், சில விநாடியில் அடங்கிவிடும்.

ஃபிலிமோடு கட்டாயம் படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு வெட்டாகப் பார்ப்பார். ஃபிலிமில் அது முடியாது.

பெயர் கிடைத்த பிறகு

ஹெமாஞ்சியோமா என்று உறுதியாக எழுதிவிட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம். சாதுவான கல்லீரல் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இது புற்றுநோயாக மாறாது. சின்னதாக இருந்தால் வைத்தியமும் இல்லை, பத்தியமும் இல்லை. 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, வேறு காரணம் இல்லாமல் வலியோ வயிறு நிரம்பிய உணர்வோ தந்தால்தான் அறுவைச் சிகிச்சையை யோசிப்பார்கள். அளவு பெரியது என்பதற்காக மட்டும் கத்தி வைக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். எஃப்.என்.ஹெச்.சும் அப்படியே. விட்டுவிடலாம்.

அடினோமாவுக்குத்தான் கவனம் தேவை. அது உள்ளேயே வெடித்து ரத்தம் கசியலாம், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுத்த ஆண்கள் ஆகியோரிடம் அதிகம். ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்வது இது: பெண்கள் மாத்திரையை நிறுத்தி எடையைக் குறைக்க வேண்டும், 6 மாதம் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அப்போதும் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ அகற்ற வேண்டும். ஆண்களுக்கு அளவு எதுவாக இருந்தாலும் அகற்றுவதே நல்லது. பீட்டா கேட்டனின் என்ற மரபணு மாற்றம் உள்ள வகைக்கும் அதே விதி. மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் கட்டி சுருங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எனவே அந்த 6 மாதக் காத்திருப்பை யாரும் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் வைத்தியம்தான்.

மீதியெல்லாம் அபூர்வமானவை. சித்திக்கு வந்தது இந்த வரிசையில் இல்லை, ஆனாலும் உங்கள் ரிப்போர்ட்டில் இந்தப் பெயர்கள் வரலாம். ஆஞ்சியோமையோலிப்போமா: உள்ளே ரத்தக்குழாயும் தசையும் கொழுப்பும் கலந்திருக்கும், பெண்களிடம் அதிகம். கொழுப்பு குறைவாக இருந்தால் ஸ்கேனில் புற்றுநோய்போலவே தெரியும், திசுவில் ஹெச்.எம்.பி. 45 என்ற சாயச் சோதனை செய்தால் குட்டு வெளிப்படும். பித்தநாள ஹமார்ட்டோமா: 1.5 செ.மீ.க்கும் சின்னதாக, கல்லீரல் முழுக்கத் தூவியதுபோல இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இது தெரிந்தால் ‘பரவிவிட்டது’ என்று தோன்றும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் பிரித்துச் சொல்லலாம். அழற்சிப் போலிக்கட்டி என்று ஒன்று உண்டு. காய்ச்சல், எடைக்குறைவு என்று புற்றுநோயின் எல்லா வேடமும் போடும். திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்தால் பலருக்கு மருந்திலேயே, சிலருக்குத் தானாகவே சுருங்கிவிடும்.

முன்னே சொன்ன தடுப்புச் சுவர் உள்ள நீர்ப்பை, நடுவயதுப் பெண்களுக்கு வந்தால் மியூசினஸ் சிஸ்டிக் நியோப்ளாசமாக இருக்கலாம். இதில் நீரை உறிஞ்சி எடுப்பதோ பாதி வெட்டுவதோ பயனில்லை, திரும்ப நிரம்பிவிடும். புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. முழுதாக எடுப்பதுதான் வழி. ஹைடாட்டிட் பை என்றால் அதன் பருவத்தைப் பொறுத்து ஆல்பெண்டசோல் மாத்திரை, மருந்துப் பாதுகாப்போடு ஊசி முறை அல்லது அறுவைச் சிகிச்சை. சுண்ணாம்பு படிந்து செத்துப்போன பையை வெறுமனே கண்காணித்தாலே போதும்.

கைக்குழந்தையின் கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டி என்றால் உடனே குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். பெரிதாகவோ பலவாகவோ இருந்தால் இதயத்துக்குச் சுமை ஏறலாம், தைராய்டு சுரப்பும் குறையலாம். இரண்டையும் சோதிக்க வேண்டும். புரொப்ரனலால் என்ற பழைய ரத்த அழுத்த மருந்து இந்தவகைக் கட்டிகளைச் சுருக்குகிறது என்பது 2008-ல் வெளியானது. அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகள் கத்தியில்லாமல் தேறியிருக்கிறார்கள்.

ஊசி எப்போது?

எல்லாக் கட்டிக்கும் பயாப்சி, அதாவது ஊசியால் குத்தித் திசு எடுக்கும் சோதனை, தேவையில்லை. ஹெமாஞ்சியோமா என்று படத்திலேயே தெரிந்தால் குத்தக் கூடாது, ரத்தம் கசியலாம். ஹைடாட்டிட் சந்தேகம் இருந்தாலும் அப்படியே. சித்தியிடம் ஓர் இடத்தில் “நாளைக்கே ஊசி போட்டுப் பார்த்துவிடலாம்” என்றார்கள். மருந்து ஸ்கேன்கூட எடுக்கவில்லை அப்போது. அன்று அவர் பயந்துபோய் வீட்டுக்கு வந்ததே நல்லதாயிற்று. படம் பார்த்தும் தெளிவாகவில்லை, முடிவோ வைத்தியத்தை மாற்றும் என்றால் அப்போது பயாப்சிதான் வழி. தயங்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போடுகிறவர்கள் முன்பே சொல்லி, எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்க வேண்டும். திசுவின் மெழுகுப் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டால் தருவார்கள். வேறு ஊரில் இரண்டாம் கருத்து கேட்க அவை போதும், மறுபடி குத்த வேண்டியதில்லை.

எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முதல் கட்டச் சோதனைகளை அங்கே தொடங்குங்கள். கல்லீரலை வெட்டி எடுக்கும் நிலை வந்தால், அதை அடிக்கடி செய்யும் இடத்துக்குப் போவதே பாதுகாப்பு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்கள். இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. கல்லீரலின் ஒரு பகுதியை எடுத்தாலும் மீதி வளர்ந்துவிடும் என்பதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள், பாதி பயம் அதிலேயே போய்விடும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். படுக்கையில் சேர்ந்த பிறகு ஓடுவதைவிட, ரிப்போர்ட் வந்த வாரமே இதை முடித்துவிடுவது நல்லது.

திடீரென்று மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, வியர்த்துக் கொட்டித் தலைசுற்றல் என்றால், குறிப்பாக அடினோமா உள்ளவர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதெல்லாம் இப்படிக் கசிந்தால் முதலில் தொடைப் பக்கத் தமனி வழியாக மெல்லிய குழாய் செலுத்தி ரத்தம் கசியும் குழாயை அடைத்துவிட்டு, அறுவையைப் பின்னால் நிதானமாக முடிவு செய்கிறார்கள்.

அடினோமா உள்ள பெண் கர்ப்பமானால் 6 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேனில் அளவு பார்ப்பார்கள். முதல் தடவை செக்கப்புக்குப் போகும்போதே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

சித்திக்கு ட்ரைபேசிக் சி.டி.யில் ஹெமாஞ்சியோமா என்று வந்தது. ஓரத்தில் திட்டுத் திட்டாகத் தேங்கி, நடுவரை நிரம்பிய படத்தை அந்த டாக்டரே திரையில் காட்டினார். “நம்ம கொல்லை வயல் மாதிரில்ல நெரம்புது” என்றார் சித்தி. வாயுத் தொல்லைக்குத் தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

நான் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துக் கொடுத்தேன்: கட்டியின் பெயர், அளவு, இருக்கும் மடல், எந்த ஸ்கேனில் எந்தத் தேதியில் உறுதியானது. நீங்களும் இப்படி ஒன்று எழுதி வையுங்கள். அடுத்த தடவை வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது அங்கே இருப்பவர் அந்தக் கட்டியைப் புதிதாகப் பார்ப்பார், மறுபடியும் எஸ்.ஓ.எல். என்றே எழுதுவார். போன மார்கழியில் சித்திக்கு அதுதான் நடந்தது. சீட்டை எடுத்து நீட்டினார். ஸ்கேன் எடுத்தவர் வாசித்துப் பார்த்து, பழைய அளவே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். சித்தி அடுத்த பஸ்ஸிலேயே பாபநாசம் திரும்பிவிட்டார்.